வரப்போவதை அறிந்த செவி

வளவனூரைச் சுற்றியும் விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலும் உள்ள திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடைபெறும் நாட்களில், பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதப் பாடல்களை ராகத்தோடு படித்துப் பொருள் சொல்ல, இரவில் கதையின் பகுதிகள் தெருக்கூத்தாக ஆடப்படுகின்றன. கேட்கக் கூடுவோரில் பெரும்பாலோருக்குக் கதை தெரியும், பாடல்களில் பலவும் தெரியும், அருச்சுனன் தபசு மரத்தில் எப்போது ஏறுவான் என்பதும் படுகளத்தில் யார் விழுவார் என்பதும் தெரியும். போதாததற்கு, வேடக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் உடனே திரும்பப் பாடுகிறார்கள். ஒரு செய்தியை இரண்டாம் முறை சொன்னாலே சலித்துக்கொள்ளும் அதே மனிதர்கள், ஓர் அடியை மூன்றாம் முறை கேட்கும்போது தலையசைப்பதும் தொடையில் தாளம் தட்டுவதும் ஏன் என்ற கேள்வி எளியதாகத் தோன்றினாலும், அதற்கு விடை தேடப் புகுந்தவர்கள் மனித மூளை காலத்தைக் கையாளும் முறையையே ஆராய வேண்டியதாயிற்று.

முதலில் தோன்றும் விடை பழக்கம் என்பது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸஜாங்க் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் தெரியாத சொற்களையும் குறிகளையும் வெவ்வேறு எண்ணிக்கையில் மக்களுக்குக் காட்டியபோது, அதிக முறை கண்டவற்றையே அவர்கள் நல்லவையாகக் கருதினர். எதிர்ப்பட்ட பொருள் தீங்கு செய்யாமல் மீண்டும் எதிர்ப்படும்போது மனம் அதனிடம் அச்சம் நீங்கி நெருங்குகிறது என்பது இதன் சாரம். ஆனால் இவ்விடை கவிதைக்குப் போதாது. பழக்கத்தால் வரும் விருப்பம் மெல்ல வளர்வது. கூத்துமேடையில் ஓர் அடி திரும்பும்போது எழும் இன்பமோ அந்த நொடியிலேயே நிகழ்வது. மேலும், முன்பு கேட்டறியாத ஒரு வெண்பாவும் முதல் கேட்பிலேயே இனிக்கிறது.

திரும்ப ஒலிப்பதால் ஒலியே வேறொன்றாக மாறிவிடுகிறது என்பதைக் காட்டிய சோதனை இதைவிட வியப்புக்குரியது. இசை உளவியலாளர் டயானா டாய்ச் 1995-இல் தம் பேச்சின் பதிவு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப ஓடவிட, சற்று நேரத்தில் அது பேச்சாக இல்லாமல் பாட்டாகக் கேட்கத் தொடங்கியதைக் கண்டார். பதிவில் ஒரு மாற்றமும் செய்யப்படவில்லை. பின்னர் முறையாக நடத்திய ஆய்வில், பத்து முறை கேட்டவர்களிடம் அதைத் திரும்பச் சொல்லுமாறு கேட்டபோது அவர்கள் அதைப் பாடவே செய்தனர். செய்தி கிடைத்துவிட்டதும் கவனத்துக்குப் பொருளில் வேலை இல்லாமற்போகிறது. ஆகவே அது சொல்லின் ஏற்ற இறக்கத்துக்கும் நீளத்துக்கும் இடைவெளிக்கும் திரும்புகிறது. இசையறிஞர் எலிசபெத் மார்குலிஸ் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது. திரும்புதலை வேண்டுமென்றே தவிர்த்து எழுதப்பட்ட இருபதாம் நூற்றாண்டு இசைத் துணுக்குகளை எடுத்து, சில பகுதிகள் மீண்டும் வருமாறு கணினியில் வெட்டி ஒட்டியபோது, பயிற்சியற்ற கேட்போர் வெட்டி ஒட்டியவற்றையே இனியவை என்றும், அவையே மனிதர் படைத்தவையாக இருக்கக்கூடும் என்றும் மதிப்பிட்டனர். திரும்பி வரும் ஒலி, அது தற்செயலாக வந்ததன்று, ஒருவர் எண்ணி வைத்தது என்று செவிக்கு உணர்த்துகிறது போலும்.

இதுவரை சொன்னவை மறுபடி கேட்பதைப் பற்றியவை. தாளத்தின் இன்பமோ அதற்கும் அடியில் உள்ள ஒரு திறனில் தொடங்குகிறது. ஒரே உரலில் இரு பெண்கள் மாறி மாறி நெல் குத்தும்போது, ஒருத்தியின் உலக்கை மேலெழுவதைக் கண்டபின் மற்றவள் தன் உலக்கையை இறக்கத் தொடங்கினால் காலம் தவறிவிடும். கண்டு, முடிவெடுத்து, கையை அசைப்பதற்குள் அடுத்த குத்து வந்துவிடும். அவர்கள் காண்பதற்குப் பின்னால் ஓடுவதில்லை. வரப்போகும் கணத்தை முன்கூட்டியே அறிந்து அதை நோக்கிக் கையை அனுப்புகிறார்கள். செவியும் அவ்வாறே செயல்படுகிறது. ஒலி வந்தபின் அதைப் பெற்றுக்கொள்வதோடு நில்லாமல், அடுத்த ஒலி எப்போது வரும் என்று மூளை இடைவிடாமல் கணித்துக்கொண்டிருக்கிறது. இதனை முன்கணிப்பு என்று அழைக்கலாம்.

இத்திறன் கற்றுவந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்பதை அறிய, பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் உறங்கும்போது அவர்களுடைய தலையில் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் கருவியைப் பொருத்தி, இஷ்டவான் விங்க்லரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தி 2009-இல் முடிவை வெளியிட்டனர். சீராக ஒலித்த தாளத்தில் முதன்மைத் தட்டை மட்டும் அவ்வப்போது விட்டுவிட்டபோது, குழந்தைகளின் மூளை அலையில் எதிர்பார்ப்புத் தவறியதற்கான மாற்றம் தெரிந்தது. மதிப்புக் குறைந்த மற்றத் தட்டுகளை விட்டபோது அம்மாற்றம் எழவில்லை. இல்லாத ஓர் ஒலிக்கு மூளை எதிர்வினை காட்ட வேண்டுமானால், அவ்வொலி அங்கே வரும் என்று அது முன்பே எண்ணியிருக்க வேண்டும். பெல்ஜியத்தில் சில்வி நொசாரதான் 2011-இல் செய்த ஆய்வு இதைப் பெரியவர்களிடம் வேறுவிதமாக நிறுவியது. ஏற்றமோ இறக்கமோ இல்லாத ஒரே மாதிரியான தட்டொலியை ஒலிக்கவிட்டு, அதை முதலில் இரண்டிரண்டாகவும் பிறகு மும்மூன்றாகவும் மனத்துக்குள் எண்ணச் சொன்னபோது, காதில் விழுந்த ஒலி ஒன்றே ஆயினும், மூளை அலைகளில் ஈரெண் கணக்கும் மூவெண் கணக்கும் தனித்தனியே பதிவாயின. தாளக்கட்டு ஒலியில் மட்டும் இல்லை; கேட்பவர் மூளை அதன்மேல் அமைத்துக்கொள்ளும் கால ஒழுங்கிலும் இருக்கிறது.

இந்தக் கால ஒழுங்கைத் தமிழ் இலக்கண நூலார் மிக நுண்மையாக அளந்திருக்கின்றனர். தொல்காப்பியம் ஒலியின் அடிப்படைக் கால அளவான மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமுமாக வரையறுக்கிறது. கருவி ஏதுமின்றி, மனித உடலின் இயல்பான அசைவையே அளவுகோலாகக் கொண்ட வரையறை இது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்ற கணக்கின்மேல் அசை எழுகிறது. தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்றுடன் சேர்ந்தும் சேராமலும் வந்தால் நேரசை. குறிலை முன்னே கொண்ட ஈரெழுத்து இணைந்து வந்தால் நிரையசை. அசைகள் கூடிச் சீராகின்றன. அச்சீர்களுக்குத் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று மரங்களின் பெயரை வைத்தது, பெயரைச் சொன்னாலே அதன் ஓசையும் உடன் வரும் என்பதற்காக. இரு சீர்கள் சந்திக்கும் இடத்துக்கான விதி தளை எனப்படும்.

தளையை மாணவர்கள் பெரும்பாலும் மனப்பாடம் செய்ய வேண்டிய தண்டனையாகவே அறிந்திருக்கிறார்கள். முன்கணிப்பு என்ற கருத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது எவ்வளவு கூர்மையான ஏற்பாடு என்பது விளங்கும். வெண்பாவின் நடுவே வரத்தக்க சீர்கள் எட்டு: ஈரசையால் ஆன மேற்சொன்ன நான்கும், அவற்றோடு காய் சேர்ந்த நான்கும். இவற்றுள் பாதி நேரசையில் தொடங்குபவை, பாதி நிரையசையில் தொடங்குபவை. மாவில் முடிந்த சீரை அடுத்து நிரை வர வேண்டும், விளத்தில் முடிந்ததை அடுத்தும் காயில் முடிந்ததை அடுத்தும் நேர் வர வேண்டும் என்பதே வெண்டளை. எனவே ஒரு சீர் முடிந்த கணத்தில், வரக்கூடிய எட்டு வடிவங்கள் நான்காகச் சுருங்கிவிடுகின்றன. அடுத்த சீர் எப்படித் தொடங்கும் என்பது செவிக்குத் தெரியும். எப்படி முடியும் என்பது தெரியாது. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கும் இந்நிலை வெண்பாவில் ஒவ்வொரு சீருக்கும் மீண்டும் மீண்டும் ஏற்படுகிறது. இலக்கணம் கற்காத ஒருவரும் தளை தட்டிய வெண்பாவைக் கேட்டு எங்கோ இடறுகிறது என்று சொல்லிவிடுவதற்குக் காரணம், விதியின் பெயரை அறியாமலே அவருடைய செவி அதைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதுதான்.

முன்கணிப்பு நிறைவேறுவது ஏன் இன்பமாக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 1990-களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது தூண்டப்பட்டன. சாறு வருமுன் ஒரு குறிப்பு தவறாமல் காட்டப்பட்டு வந்தபோதோ, சாற்றுக்கு மாறாக அக்குறிப்புக்கே தூண்டப்படத் தொடங்கின. நல்லது வரப்போகிறது என்ற அறிகுறியே இனிதாகிவிடுகிறது. கனடாவின் மொன்றியலில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் ஸதோரேயும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இசை கேட்போரிடமும் இதையே கண்டது. மெய்சிலிர்க்கும் கணம் நெருங்கும்போது மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் ஒரு கூறிலும், அக்கணம் வந்தபோது மற்றொரு கூறிலும் டோபமைன் வெளிப்பட்டது. எதிர்நோக்கலும் எய்துதலும் இரண்டு தனி இன்பங்கள் என்பது இதன் பொருள்.

கவிதைக்கு இது பொருந்துமா என்பதை ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபுர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனத்தினர் சோதித்தனர். யூஜன் வசிலிவிஸ்கியும் உடனாய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கவிதைகளைக் கேட்போரின் தோலில் மயிர் சிலிர்ப்பதைச் சிறு கேமராவால் படம்பிடித்து, சிலிர்ப்பு கவிதையின் எந்த இடத்தில் நிகழ்கிறது என்று குறித்தனர். அது எங்கும் பரவலாக நிகழவில்லை. அடியின் முடிவிலும் செய்யுட்பகுதியின் முடிவிலும் முழுக்கவிதையின் முடிவிலும் செறிந்திருந்தது. சிலிர்ப்புக்குச் சில நொடிகள் முன்னரே ஸ்ட்ரையேட்டத்தின் செயல்பாடும் மாறியது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை ஆராய்வதற்கென்றே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை வகுத்த தமிழ் இலக்கண மரபுக்கு, மயிர்க்கூச்சை அளந்து கவிதையை ஆராயும் இம்முறை அந்நியமாகத் தோன்றாது. வெண்பாவின் ஈற்றடி மற்ற அடிகளைப்போல நான்கு சீரால் ஆகாமல் மூன்று சீரால் குறுகுவதையும், அதன் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு குறு வாய்பாடுகளுள் ஒன்றாகவே முடிவதையும் இங்கே நினைக்க வேண்டும். நான்காம் சீருக்குரிய இடத்தில் செவி காலத்தை எண்ணுகிறது, ஒலி இல்லை. செய்யுள் முடிந்தது என்பதை அந்த மௌனமே அறிவிக்கிறது. முடிவு நெருங்குவதைக் கேட்பவர் முன்பே உணருமாறு அமைந்த வடிவம் இது.

எல்லாம் சரியாக ஊகிக்கப்பட்டுவிட்டால் இன்பம் எஞ்சுமா என்ற ஐயம் நியாயமானது. குழாயிலிருந்து சொட்டும் நீரும் ஒழுங்காகத்தான் சொட்டுகிறது. அதை யாரும் கவிதை என்பதில்லை. மரியா விட்டெக் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மத்தளத் தட்டுகள் எதிர்பார்த்த இடத்திலிருந்து விலகும் அளவை மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தபோது, விலகலே இல்லாத தாளமும் மிகையாக விலகிய தாளமும் குறைந்த இன்பமே தந்தன. இடைப்பட்ட அளவே உடலை ஆடத் தூண்டியது. ஆனால் கவிதையில் தாளம் தன்னளவில் விலகியே தீர வேண்டும் என்பதில்லை. இங்கே மேரி ரீஸ் ஜோன்ஸின் 2002-ஆம் ஆண்டுச் சோதனை உதவுகிறது. சீரான கால இடைவெளியில் ஒலிகளை அடுக்கி, கடைசி ஒலியின் சுருதி முதல் ஒலியைவிட உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று கேட்டபோது, கடைசி ஒலி தாளம் குறித்த கணத்தில் வந்தால் கேட்போர் மிகச் சரியாக விடையளித்தனர். சற்று முந்தினாலும் பிந்தினாலும் அதிகம் தவறினர். எப்போது என்பது உறுதியானால், என்ன என்பதைச் செவி கூர்ந்து கேட்கிறது. யாப்பு செய்யும் வேலையும் இதுதான் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது: காலத்தைக் கட்டிப்போட்டு, அதனால் விடுபடும் கவனம் முழுவதையும் சொல்லின்மேல் குவிக்கிறது. தாளம் பழையதாக இருந்து, அதில் வந்து விழும் சொல் புதியதாக இருக்கும்போதுதான் கவிதை கவிதையாகிறது. இரண்டும் பழையதானால் வாய்பாடு. இரண்டும் புதியதானால் கேட்பவருக்குப் பிடிமானம் இல்லை.

இந்நோக்கில் தமிழ்ச் செய்யுளின் ஒலி ஒப்புமைகளான தொடைகளைப் பார்க்கையில், எதுகை அடியின் தலையில் நிற்பது தற்செயலாகத் தோன்றவில்லை. பல மொழிகளில் ஒலி ஒப்புமை அடியின் கடைசியில் வருகிறது. தமிழில் அது இயைபு எனப்பட்டாலும், மரபுச் செய்யுளில் ஆட்சி செய்வது முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகையே. தமிழ்ச் சொல்லின் வேர் முன்னும், காலமும் இடமும் வேற்றுமையும் காட்டும் உருபுகள் பின்னும் நிற்பதால், சொல்லீறுகள் ஒத்திருப்பது இலக்கணத்தாலேயே இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. வந்தான், சென்றான், கண்டான் என்று உரைநடையிலும் ஈறுகள் ஒத்துத்தான் ஒலிக்கின்றன. தானாக வருவதில் செவிக்கு எதிர்பார்ப்பும் இல்லை, நிறைவும் இல்லை. வேரில் ஒப்புமை அமைவது அரிது. அரியது ஒழுங்காக வரும்போதுதான் அது எண்ணி வைக்கப்பட்டது என்று தெரிகிறது. எதுகையில் முதலெழுத்துகள் வேறாக இருந்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறிலும் நெடிலுக்கு நெடிலும் வர வேண்டும் என்ற நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. புதிய ஒலியில் தொடங்கி, பழைய ஒலியைத் தொட்டு, மீண்டும் புதிய சொல்லாக விரியும் அமைப்பு ஒரே சீருக்குள் அடங்கிவிடுகிறது. முதலெழுத்து ஒத்து வரும் மோனையில் இ, ஈ, எ, ஏ ஓரினம் என்றும் ம, வ ஓரினம் என்றும் கொள்ளப்படுவதும் வெறும் சலுகையன்று. முன்னவை நாவின் முன்பகுதியிலும் பின்னவை இதழிலும் பிறப்பவை.

இத்தகைய ஒலி ஒப்புமையை மூளை தானாகவே கண்டுகொள்கிறது என்பதற்கு வலுவான சான்று வேல்ஸ் நாட்டிலிருந்து கிடைத்திருக்கிறது. வெல்ஷ் மொழியில் கங்ஹானெத் என்ற பழைய செய்யுள் முறை உண்டு. ஓர் அடியின் முற்பாதியில் வந்த மெய்களை அதே வரிசையில் பிற்பாதியிலும் அமைப்பது அதன் ஒரு வகை. பாங்கர் பல்கலைக்கழகத்தில் கியோம் தியெரியின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையைக் கற்றிராத வெல்ஷ் மக்களுக்கு, கடைசிச் சொல்லில் விதி பொருந்தியும் பொருந்தாமலும் அமைந்த தொடர்களை ஒலிக்கச் செய்தனர். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டபோது அவர்களால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. ஆனால் விதி பொருந்திய சொல் ஒலித்தபின், நொடியின் ஒரு சிறு கூறுக்குள் அவர்களுடைய மூளை அலையில் தனி மாற்றம் தெரிந்தது. சொல்லத் தெரியாததை மூளை அறிந்திருந்தது. கூத்துத் திடலில் அமர்ந்து மோனை, எதுகை என்ற பெயர்களையே கேட்டிராமல் இன்புறும் ஒருவரின் நிலையும் இதுவே.

ஒலியும் பொருளும் சேர்ந்து ஒரு சொல்லை எவ்வளவு நெருக்கிப் பிடிக்கின்றன என்பதற்கு விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் ஓர் இலக்கியச் சான்று உண்டு. அவ்வூர்க் கோயிலைக் கலம்பகமாகப் பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் முடங்கியவர் என்றும், ஒருவர் வெண்பாவின் முற்பாதியைப் பாட மற்றவர் உடனே பிற்பாதியைப் பாடி முடிப்பார் என்றும் மரபு கூறுகிறது. இது மந்திரமன்று. முதல் பாதி முடிந்ததும், பிற்பாதியின் தொடக்க அசை தளையால் உறுதியாகிவிடுகிறது, வெண்பா முழுவதும் ஒரே எதுகையில் அமைவதானால் எதுகை எழுத்தும் உறுதியாகிவிடுகிறது, ஈற்றுச் சீரின் வடிவமும் நான்குக்குள் அடங்கிவிடுகிறது. சொல்லவந்த பொருளும் திறந்துவிட்டது. டேவிட் ரூபினும் வாண்டா வாலஸும் 1989-இல் நடத்திய சோதனையில், தேர்ந்தெடுத்த சொற்களைப் பொருள்குறிப்பு மட்டும் தந்து கேட்டபோது 14 விழுக்காடும், ஒலிக்குறிப்பு மட்டும் தந்தபோது 19 விழுக்காடும் சரியாக வந்தன. இரண்டையும் சேர்த்துத் தந்தபோது 97 விழுக்காடு சரியாயிற்று. தனித்தனியே தளர்வான இரு கட்டுகள் கூடியதும் ஒரே சொல்லைச் சுட்டிவிடுகின்றன. பாடியவருக்கு இது நினைவு, கேட்பவருக்கு இது இன்பம்.

யாப்பு நினைவுக்குத் துணை என்பது பலமுறை எழுதப்பட்டிருப்பதால் இங்கே சுருங்கச் சொன்னால் போதும். யுகோஸ்லாவியாவில் 1930-களில் எழுதப் படிக்காத பாடகர்களின் நெடும்பாடல்களை மில்மன் பாரி பதிவுசெய்து கண்ட வாய்மொழி மரபின் இயல்புகளை, இலங்கையின் க. கைலாசபதி சங்கப் பாடல்களில் தேடி, 1968-இல் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீங்கலாக 16 எழுத்தும், நிரையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வர வேண்டும் என்ற கணக்கு, ஓலையில் படியெடுப்பவர் ஓர் எழுத்தை விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். இலக்கண ஆசிரியர் அமிதசாகரர் யாப்பின் விதிகளையே இந்தக் கட்டளைக் கலித்துறையில் எழுதி வைத்தார். ஆனால் ஓசையின் இத்துணைக்கு ஓர் அபாயமும் உண்டு. மத்யூ மக்ளோன் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியொத்த பழமொழிகளை மக்கள் அதே கருத்துள்ள ஒலியொவ்வாத் தொடர்களைவிட உண்மையானவை என்று மதிப்பிட்டனர். ஓசையைத் தள்ளிவைத்துக் கருத்தை மட்டும் நோக்குமாறு சொன்னபோதே அம்மயக்கம் குறைந்தது. எளிதாகச் செவியில் இறங்கியது மெய்யாகிவிடாது என்பதைத் தேர்தல் முழக்கங்களைக் கேட்கும் எவரும் எண்ணிப்பார்க்கலாம்.

தாளக்கட்டின் இறுக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்ற வடிவம் வண்ணம். அதன் இலக்கணமும் இதே திருவாமாத்தூரோடு தொடர்புடையது என்பது இவ்வட்டாரத்தாரே அதிகம் பேசாத செய்தி. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) திருநெல்வேலியில் பிறந்து, ஊர் ஊராகச் சுற்றிப் பாடி, இறுதியில் திருவாமாத்தூரில் கௌமார மடம் நிறுவி அங்கேயே அடங்கினார். அருணகிரிநாதரின் திருப்புகழில் தோய்ந்த அவர், அதுவரை பாடகரின் செவியில் மட்டும் வாழ்ந்த சந்தக் கணக்கை வண்ணத்தியல்பு என்ற நூலாக வகுத்தார். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்பன அதன் அடிப்படைச் சந்தங்கள். இவற்றின் நுண்மையை அறிய பட்டு, பந்து, கன்னி, வள்ளி என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளலாம். பொதுவான யாப்புக் கணக்கில் நான்கும் ஒன்றே. நேரும் நேரும் கூடிய தேமா. வண்ணத்திலோ முதலாவது தத்த, இரண்டாவது தந்த, மூன்றாவது தன்ன, நான்காவது தய்ய. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரக்கூடாது.

இப்பிரிவு கற்பனையானது அன்று என்பதை ஒலிப்பதிவின் அலைவடிவைப் பார்த்தாலே உணரலாம். பட்டு என்னும்போது நடுவே காற்று முழுவதும் அடைபட்டு, ஒரு கணம் ஒலியே இல்லாமற்போய், பிறகு வெடித்து வெளிவருகிறது. பந்து என்னும்போது வாய் அடைபட்டாலும் மூக்கின் வழியே ஒலி தொடர்ந்து, அதன்பின் அடைப்பு விடுபடுகிறது. கன்னியில் மூக்கொலி மட்டும் நீள்கிறது, வெடிப்பில்லை. வள்ளியில் காற்று நாவின் ஓரங்களில் தடையின்றி வழிகிறது. எனவே வல்லின ஒற்று மிகுந்த சந்தத்தில் பேச்சின் உள்ளேயே சிறு மௌனங்கள் ஒழுங்கான இடைவெளியில் விழுகின்றன. மத்தளத்தின் தட்டு அம்மௌனங்களை அடுத்த வெடிப்போடு சேர்ந்து விழும்போது, பாட்டும் கருவியும் ஒரே ஒலியாகக் கேட்கின்றன. மெல்லினச் சந்தத்தில் ஒலி அறுபடாமல் ஓடுகிறது. போர்க்களத்துக்கு முன்னதையும் தாலாட்டுக்குப் பின்னதையும் புலவர்கள் நாடியது மரபின் கட்டளையால் மட்டும் அன்று.

வண்ணத்தில் அடுத்த எழுத்தின் நீளமும் அதன் ஒலிவகையும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. அகவலில் அடிக்கு இத்தனை சீர் என்பதற்கு மேல் செவிக்கு அதிகம் தெரியாது. வெண்பாவில் அடுத்த சீரின் தொடக்கம் தெரியும். விருத்தத்தில் ஓரடி கேட்டபின் ஏனைய அடிகளின் சீர் வரிசை தெரியும். வண்ணத்தில் ஏறத்தாழ எல்லாமே தெரியும், சொல்லைத் தவிர. தவறாமல் பொருந்தும் அந்தச் சொல்லை இவ்வளவு குறுகிய இடத்தில் புலவர் எப்படிக் கண்டெடுத்தார் என்ற வியப்பே வண்ணத்தின் இன்பத்தில் பெரும்பங்கு. கைதேராதவர் வண்ணம் பாடும்போது சந்தம் பிழையாமலே சலிப்புத் தட்டுவதும் இதனால்தான். அங்கே சொல்லும் ஊகிக்கத்தக்கதாகிவிடுகிறது, அல்லது பொருளிழந்து வெறும் தனதான ஆகிவிடுகிறது. பொருளற்ற சொற்களால் ஆன செய்யுளும் ஓரளவு இனிக்கும் என்பது உண்மையே. கிறிஸ்டியன் ஓபர்மையர் 2013-இல் ஜெர்மன் செய்யுள்களில் சீரையும் ஒலி ஒப்புமையையும் இருத்தியும் நீக்கியும், சொற்களைப் பொருளுள்ளவையாகவும் பொருளற்றவையாகவும் மாற்றியும் கேட்கச் செய்து, பொருளற்ற நிலையிலும் சீரும் ஒலி ஒப்புமையும் விருப்பத்தை உயர்த்துவதைக் காட்டியிருக்கிறார். தாலாட்டின் தொடக்க ஒலிகளில் பொருள் தேடாமலே குழந்தை அமைதியடைவது இந்த அடித்தள இன்பத்தால். வண்ணம் நிற்பது இந்த அடித்தளத்தின்மேல். ஆனால் அதனால் மட்டும் அன்று.

மேலைநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கிலம், வெல்ஷ் போன்ற அழுத்த மொழிகளைக் கொண்டு நடந்தவை. அசை அழுத்தத்தால் அன்றி அளவால் தாளம் பெறும் தமிழில், நீளம், ஒலிவகை, எதுகை, பொருள் ஆகிய நான்கையும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே மாற்றிப் பார்க்க முடியும் என்பது ஆய்வாளருக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. ஒரு வண்ணத்தின் ஓர் இடத்தில் பந்து வர வேண்டிய சந்தத்தில் பட்டு ஒத்த சொல்லை வைத்தால் சீர் கெடாது, மாத்திரை கெடாது, ஒலிவகை மட்டும் கெடும். பந்துக்குப் பதில் பாம்பு ஒத்த சொல்லை வைத்தால் ஒலிவகை நிற்கும், சீரின் பெயரும் தேமாவாகவே நிற்கும், நீளம் மட்டும் கெடும். திருப்புகழ் ஓதிப் பழகியவர்கள், கூத்தில் பின்பாட்டுப் பாடுபவர்கள், மத்தளம் வாசிப்பவர்கள், இவை எதிலும் பழக்கமற்ற கல்லூரி மாணவர்கள் ஆகியோரை விழுப்புரத்தைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் திரட்டிவிடலாம். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் கருவியை அணிவித்து இவ்விரு பிழைகளையும் அவர்களுக்கு ஒலிக்கச் செய்தால், தண்டபாணி சுவாமிகள் எட்டாகப் பிரித்த சந்தங்களைப் பழகாத செவியும் எட்டாகவே பிரிக்கிறதா, அல்லது பயிற்சி பெற்ற செவிக்கு மட்டுமே அப்பிரிவு திறக்கிறதா என்பதை அளந்தே அறியலாம்.